சந்தியோகின்ரை நெஞ்சுப் படம்

பொறுங்கோ, பொறுங்கோ, அந்தக் கத்தியை இஞ்சாலை நீட்டாதேங்கோ. ஆள் கட்டிலிலை இல்லை. நான் சந்தியோகு இல்லை, சந்தியோகின்ரை மச்சான். துணைக்கு வந்து நிக்கிறனான். அவர் குளிக்கப் போட்டார். நேர்ஸ் மிஸ்ஸி ஒரு சிவத்தச் சவுக்காரத்தைக் குடுத்து, நெஞ்சு, கழுத்து, கமக்கட்டு எல்லாம் தேச்சுக் குளிச்சுப்போட்டு வரட்டாம், பேந்து ஒராள் வந்து நெஞ்சு மயிரைச் சிரைக்குமாம் எண்டு கையாலை காட்டிப்போட்டுப் போனவ. அவர் இப்போதைக்கு வரார். சங்கு குளிக்கிறவனைத் தண்ணிக்கை விட்டால் தானா வெளியிலை வந்த சரித்திரம் இல்லை.

அட, நீங்கள் தமிழ் கதைக்கிறீங்கள்! ரெண்டு நாளா இந்த வார்ட்டிலை நான் ஊமையனுக்கு அண்ணனாத் திரியிறன். அவை சொல்லுறது எனக்கு விளங்காது, நான் சொல்லுறது அவைக்கு விளங்காது. சிரிச்சுச் சிரிச்சு என்ரை கொடுப்பு நோகுது. எந்தப் பக்கம் நீங்கள்? எருக்கலம்பிட்டியோ! கும்பிடப் போன தெய்வம் குறுக்கை வந்த மாதிரி எண்டுறது இதைத்தான் நானா. எங்கடை ஊர் அரிப்பு. உங்கடை ஆக்கள் தானே அந்த நாளையிலை எங்களிட்டைச் சங்கு வாங்க வாறது. தொண்ணூறிலை வெளிக்கிட்டுப் புத்தளம் போனனீங்களோ? ம். அதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு முகமில்லை. நாங்களும் பேந்து ரெண்டாயிரத்து ஏழிலை வெளிக்கிட்டனாங்கள் தான். முகாமிலை கிடந்து சீரழிஞ்சு, ஊருக்குத் திரும்பி வந்து இப்ப ஆறு வருசம். எண்டாலும் உங்கடை முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரை விட்டு அனுப்பேக்கை நாங்கள் பார்த்துக்கொண்டு நிண்ட சனம். சரி, இருங்கோ. அந்த ஸ்ரூலை இழுத்துப்போட்டு இருங்கோ. கத்தியை மட்டும் அங்காலை வையுங்கோ.

பெரிய டொக்டர் எட்டரைக்குத் தானே? இப்ப ஏழு கூட ஆகேல்லை. நேரம் கிடக்கு. நான் ஏன் மறிக்கிறன் எண்டால், இந்த மனிசன்ரை நெஞ்சைக் கீறித் தோலுக்குக் கீழை ஒரு பற்றரி வைக்கப் போயினம். நெருப்புப் பெட்டி அளவாம். நெஞ்சு நிண்டுபோனால் அது உள்ளுக்கை இருந்து உதைஞ்சு எழுப்புமாம். அந்தப் பற்றரி அவருக்குத் தேவையோ இல்லையோ எண்டது தான் கதை. அதைக் கேட்டுப்போட்டுச் சிரைக்கிறதெண்டால் சிரையுங்கோ.

தேத்தண்ணியோ? ஐயோ வேண்டாம் நானா. நான் இண்டைக்கு ஒண்டும் குடிக்கிறேல்லை. நேத்திக்கடன் ஒண்டும் இல்லை, சும்மா.

கதை எங்கை துவங்குதெண்டால் அரசாங்கக் கந்தோரிலை துவங்குது. எல்லாக் கதையும் அங்கை தானே துவங்கிறது. ஊருக்குத் திரும்பி வந்தாப் பிறகு கடலிலை இறங்கப் பாஸ், வள்ளத்துக்குப் பாஸ், எஞ்சினுக்குப் பாஸ். எல்லாம் எடுத்து முடிய, போன வருசம் ஒரு புதுச் சட்டம். சங்கு குளிக்கிறவை நெஞ்சு நல்லா இருக்கெண்டு டொக்டரிட்டைக் கடுதாசி கொண்டுவரவேணுமாம். சந்தியோகு பன்ரெண்டு வயசிலை குளிக்கத் துவங்கினவர். சண்டைக்கை செல் விழேக்கையும் குளிச்சவர். அப்ப ஒருத்தரும் நெஞ்சைக் கேக்கேல்லை. இப்ப செல் நிண்டாப் பிறகு கேக்கினம்.

சரி எண்டு மன்னாருக்குப் போனம். குழாயை வைச்சுக் கேட்ட டொக்டர் முகம் கறுத்துப்போனார். நாடி நாப்பத்திரண்டு தரம் தான் அடிக்குதாம், ஒரு நிமிசத்துக்கு. நான் சொன்னன், ஐயா அது கடலுக்கை போற நெஞ்சு, மெல்லத்தான் அடிக்கும், பறந்தடிச்சு அடிச்சால் அடியிலை காத்து முடிஞ்சிடுமெல்லோ எண்டு. அவர் கேக்கேல்லை. கடுதாசியிலை கோடு கீறுற மிசினிலை போட்டுப் பார்த்தார். கோட்டிலை ஒரு இடம் தலைகீழாக் கிடக்குதாம். கொழும்புக்குப் போய்க் காந்தப் படம் எடுத்து இருதயத்தின்ரை தசையை அளந்து வரட்டாம். பன்ரெண்டு பாகம், எட்டுப் பாகம் ஆழமெண்டு கடலை அளந்தவையைக் கண்டிருக்கிறன். இருதயத்தின்ரை தசையை அளக்கிறதை அண்டைக்குத் தான் கேள்விப்பட்டன்.

உங்களுக்குத் தெரியாதோ? இஞ்சை தானே நானா கீழ் மாடியிலை அந்தப் பெரிய குழாய் கிடக்கு. நீங்கள் மயிர் சிரைக்கிற பகுதி, அதாலை தெரியாது. முதல் தரம் நாங்கள் வரேக்கை படம் எடுக்கிற இடத்திலை கிருஷிகா எண்டு ஒரு பிள்ளை இருந்தவ, எங்கடை பிள்ளை. அவ தான் பொறுமையா விளங்கப்படுத்தினவ. இது எலும்பைப் பார்க்கிற படம் இல்லையாம். இருதயத்தின்ரை சதைக்குள்ளை தண்ணி இருக்குதெல்லோ, அந்தத் தண்ணியைக் காந்தம் ஒரு தட்டுத் தட்டிவிடும். தட்டுப்பட்ட தண்ணி திரும்ப அடங்க எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு பார்க்கிறது. நல்ல சதை எண்டால் கெதியா அடங்கும். தழும்பு விழுந்த சதை, ஊறின சதை எண்டால் அடங்கச் சுணங்கும். ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக்கினால் தொள்ளாயிரத்து எழுவது துண்டுக்குள்ளை அடங்கவேணுமாம். அதைத் தாண்டினால் பிழை. மீன் ஏவாரி பாரைக் குட்டியைப் பெருவிரலாலை அமத்திப் பார்க்கிறானெல்லோ, குழி திரும்ப வருதோ எண்டு? அதே வேலை தான், விரலுக்குப் பதிலாக் காந்தம். நான் கேட்டன், தங்கச்சி, எங்கடை சனத்தைத் தட்டிவிட்டு முப்பது வருசம், இன்னும் அடங்கேல்லை, அதுக்கு எத்தினை துண்டு எண்டு. அந்தப் பிள்ளை சிரிக்கேல்லை. எழுதி முடிச்சுப்போட்டு மெல்ல எங்கடை ஊரைக் கேட்டவ.

முதல் கேள்விக் கடுதாசியைச் சொல்ல மறந்திட்டன். உடம்பிலை எங்கையும் இரும்பு இருக்கோ எண்டு கேள்வி. இரும்பு இருந்தால் காந்தம் இழுத்துப்போடுமாம். சந்தியோகு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தன். வாங்கிலை பக்கத்திலை கிளிநொச்சி மனிசன் ஒருத்தர் இருந்தவர். அவர் சேட்டைக் கழட்டி, நானே ஒரு இரும்புக் கடை தம்பி எண்டு செல் துண்டு கிடக்கிற இடங்களைக் காட்டினார். அவரைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். எங்கடையாள் மட்டும் முழு யுத்தத்துக்கையும் ஒரு கீறல் படாமல் வந்தவர். செல் குத்தினால் தண்ணிக்கை போயிடுவார், சத்தம் அடங்க வெளியிலை வருவார். அவர் இல்லை எண்டு அடிச்சுச் சொல்ல உள்ளுக்கு விட்டினம்.

இனித் தான் வினை. அந்தப் படம் எடுக்கேக்கை மூச்சை அடக்கவேணும். ஏனெண்டால் மூச்சு விட்டால் இருதயம் மேலையும் கீழையும் ஆடும், ஆடினால் படம் கலங்கும். காதிலை ஒரு சாமானைக் கொழுவி விடுவினம், அதுக்குள்ளாலை, மூச்சை இழு, விடு, அடக்கு எண்டு சொல்லும். பத்துச் செக்கன், பதினைஞ்சு செக்கன். பேந்து, சரி மூச்சு விடு எண்டு சொல்லும். மற்ற ஆக்களுக்கு அந்தப் பதினைஞ்சு செக்கன் அடக்கிறது தான் பெரிய பாடாம். எங்கடையாளுக்கு அடக்கச் சொன்னவை. அடக்கினார்.

அவ்வளவு தான். அடக்கினவர் அடக்கினவர் தான்.

மூச்சு விடுங்கோ எண்டு காதுக்கை சொல்லுது. மனிசன் விடேல்லை. திருப்பிச் சொல்லுது. விடேல்லை. அரை நிமிசம். ஒரு நிமிசம். கண்ணாடிக்கு அங்காலை நிண்ட அந்தப் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுது. நாப்பத்திரண்டு அடிச்ச நாடி இப்ப முப்பத்தினாலு. ஒண்டரை நிமிசம். அவ கத்தி ஆக்களைக் கூப்பிட, நாலு பேர் ஓடிவந்து கட்டிலோடை ஆளை இழுத்து வெளியிலை போட்டினம். ஒருத்தர் நெஞ்சிலை ஏறி அமத்தக் கையை வைச்சிட்டார். சந்தியோகு கண்ணை முழிச்சு, என்ன, முடிஞ்சுதோ எண்டு கேட்டார்.

ஏனோ? கயிறு இழுபடேல்லை நானா, அதுதான். எருக்கலம்பிட்டியான் நீங்கள், உங்களுக்கு நான் இதைச் சொல்லவேணுமோ? குளிக்கிறவன் அரையிலை கயிறு. மற்ற நுனி வள்ளத்திலை நிக்கிற ஆளின்ரை கையிலை. கீழை இருக்கிறவனுக்கு நேரம் தெரியாது. கயிறு ஒருக்கா இழுபட்டால் தான் மேலை வந்து மூச்சு. அதுமட்டும் உலகம் தலைகீழானாலும் மூச்சு இல்லை. முப்பத்தாறு வருசம் அப்பிடிப் பழகின உடம்புக்குக் காதுக்கை ஒரு பொம்பிளைக் குரல் சொன்னால் கேக்குமோ? அந்தக் கயிற்றை எல்லாற்றை கையிலையும் குடுக்கிறதும் இல்லை. பொஞ்சாதியின்ரை கூடப்பிறந்தவன் தான் பிடிக்கவேணும். ஏனெண்டால் தகப்பன் கண்ணயரலாம், கூட்டாளி பராக்குப் பார்க்கலாம், ஆனால் தன்ரை தங்கச்சி வெள்ளைச் சீலை உடுக்கிறதை எந்த அண்ணனும் விரும்பான். மதலேனா என்ரை தங்கச்சி. சந்தியோகு அவளைக் கட்டின நாள் தொட்டு அந்தக் கயிறு என்ரை கையிலை.

அதை நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. பேந்து, நைலோன் கயிறு தானே, இரும்பு இல்லைத் தானே எண்டா. நான் நம்பேல்லை நானா, உண்மையாக் கேட்டவ. என்ரை பையிலை கயிறு கிடந்தது. என்னெண்டு கேளாதேங்கோ, கிடந்தது. என்ரை பெல்ட்டு, சில்லறை, கழுத்துச் சுரூபம், எல்லாத்தையும் கழட்டி வாங்கிப்போட்டு என்னையும் உள்ளுக்கு விட்டா. கண்ணாடிக்கு அங்காலை இருந்து அவ கையைத் தூக்கினால் நான் இழுக்கவேணும். மச்சானின்ரை அரையிலை கட்டி, மற்ற நுனியைப் பிடிச்சுக்கொண்டு குழாய் வாசலிலை நிக்கிறன். அவை போட்டுத் தந்த நீலச் சட்டை பின்னாலை திறந்தபடி. அடக்கு எண்டு சொல்லிச்சுது, அடக்கினார். அந்தப் பிள்ளை கையைத் தூக்கினா. நான் இழுத்தன்.

கயிறு இழுபட்டால் குளிக்கிறவன் என்ன செய்வான்? காலாலை நிலத்தை உந்தி மேலை வருவான். எங்கடையாள் உந்தினார் நானா! குழாய்க்குள்ளை எங்கை மேலை வாறது? மூக்கு ஒரு அடி, நெத்தி ஒரு அடி. மூக்காலை ரத்தம். நெஞ்சிலை கட்டின கூடு ஒருபக்கம், காதுச் சாமான் ஒருபக்கம். அஞ்சு தரம் பார்த்தம். அஞ்சு தரமும் மனிசன் கடலடியிலை இருந்து கிளம்பினார். படம் எல்லாம் கலங்கல், மாரிக் கடல் மாதிரி. கடைசியிலை அந்தப் பிள்ளை அழாக்குறையா, ஐயா மூண்டு மாசத்தாலை வாங்கோ, வேறை நாள் தாறன், அதுக்குள்ளை மூச்சு விடப் பழகிக்கொண்டு வாங்கோ எண்டா. ஒரு மனிசனுக்கு நாப்பத்தெட்டு வயசிலை மூச்சு விடப் பழகச் சொல்லி அனுப்பிச்சினம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நாங்களும் பஸ்ஸிலை மதவாச்சி மட்டும் சிரிச்சம். அதுக்குப் பிறகு சிரிப்பு வரேல்லை. கடுதாசி இல்லாமல் கடலில்லை. கடலில்லாட்டில் அவருக்கு என்ன தெரியும்? மதலேனா ஒருபக்கம் அழுகை, உந்த மனிசனை என்னெண்டு சமாளிக்கிறது, வீட்டிலை இருந்தால் நாள் முழுக்க எனக்குச் சமையல் படிப்பிக்கிறார் எண்டு.

ஓம், ரெண்டாந்தரம் எடுத்தது தான். அந்தப் படம் துப்பரவா வந்தது. கண்ணாடி மாதிரி. என்னெண்டோ? வந்தது, அவ்வளவு தான். அண்டைக்குக் கிருஷிகாப் பிள்ளை இல்லை, வேறையொரு பெடியன். எல்லாம் ஒழுங்கா நடந்தது. என்ன சத்தம் தெரியுமோ நானா அதுக்குள்ளை! முதலிலை ஆரோ தகரத்திலை தட்டுற மாதிரி, பேந்து எஞ்சின் பிடிக்காமல் இழுக்கிற மாதிரி. மூக்குக்கு மேலை ஒரு சாண் தான் இடம். கையிலை ஒரு மருந்து ஏத்துவினம், அது ஏறேக்கை தோள்மூட்டு மட்டும் குளிர்ந்துகொண்டு போகும். அந்தோனியாரே எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கவேணும்.

என்ன? எனக்கு என்னெண்டு தெரியுமோ? மச்சான் சொன்னவர்.

சரி, முடிவு வந்தது. தொள்ளாயிரத்து எழுவது இருக்கவேண்டிய இடத்திலை ஆயிரத்து நூற்றிப் பத்தொன்பது. இருதயத்தின்ரை இடப்பக்கச் சுவரிலை நீட்டுக்கு ஒரு தழும்பு. எப்பவோ ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சுக்கை இறங்கியிருக்கும், தெரியாமல் ஆறியிருக்கும், ஆறின இடம் இறுகிப்போச்சாம். முகாமிலை எல்லாருக்கும் தானே காய்ச்சல். அந்தத் தழும்பு எந்த நேரமும் நாடியைக் குழப்பும், குழப்பினால் ஆள் நிண்ட நிலையிலை விழும். கடல் வேண்டாம், பாரம் வேண்டாம், உப்பு வேண்டாம், குளிசை மூண்டு நேரம், பற்றரி ஒண்டு கட்டாயம். நல்ல கடுதாசி எடுக்க வந்த இடத்திலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது எண்டுவினம். பிள்ளையார் உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை, எண்டாலும் குரங்கு எல்லாருக்கும் பொது.

ஊருக்குப் போய்ச் சொன்னம். அதுக்குப் பிறகு நடந்த கூத்தை நீங்கள் பார்க்கவேணும். மதலேனா அவரைக் கட்டிலாலை இறங்க விடேல்லை. ஊர்ச் சனம் வரிசையிலை நிண்டு பார்த்தது. கோயிலிலை ஒன்பது நாள் நவநாள். சுவாமி வந்து அவஸ்தைப் பூசுதல் குடுத்தார், சாகப்போறவனுக்குக் குடுக்கிற எண்ணெய். எண்ணெய் மணத்துக்குச் சந்தியோகு மூண்டு தரம் தும்மினார். நெஞ்சு வருத்தக்காரன் தும்மினால் எப்பிடித் தும்முவான் எண்டு எனக்குத் தெரியாது, ஆனால் இது ஓடு கிளம்புற தும்மல். பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை, ஐயோ ஆள் போகப்போகுது எண்டு ஒப்பாரியைத் துவங்கிட்டா. போகேல்லை எண்டாப் பிறகும் கொஞ்ச நேரம் பாடிப்போட்டுத் தான் நிப்பாட்டினவ. துவங்கினதை முடிக்கவேணுமெல்லோ.

நாலு மாசம் நானா. நாலு மாசமா உப்பில்லாத கறி. விளமீனை உப்பில்லாமல் ஆக்கித் தின்னுறதெண்டால் அது ஒரு பாவப் பரிகாரம். மனிசன் மூச்சுக் காட்டாமல் திண்டார். ஒருக்கா மதலேனா கிணத்தடிக்குப் போன நேரம் பார்த்து முருக்க மரத்தை வேரோடை வெட்டிச் சாய்ச்சு அடுக்கிவைச்சார். திரும்பி வந்து ஆர் வெட்டினது எண்டு கேக்க, மச்சான் எண்டு என்னைக் காட்டினார். நான் அப்ப கதிரையிலை மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தனான். அதாலை அவள் நம்பிட்டாள்.

ஏன் வாங்கினனோ? வெயில் நானா.

வியர்க்குதோ எனக்கு? இல்லை, ஒண்டுமில்லை. விடிய ரெண்டு பேரும் கீழை ஒரு அலுவலாப் போட்டு நாலு மாடி ஏறி வந்தனாங்கள். லிப்ட் வேலை செய்யேல்லை. சந்தியோகு என்ரை பையையும் தூக்கிக்கொண்டு ரெண்டு ரெண்டு படியாப் பாய்ஞ்சு போட்டார், நான் ஒவ்வொரு தட்டிலையும் நிண்டு நிண்டு வந்தன். மிஸ்ஸி என்னைத் தான் கட்டிலிலை கிடத்தப் பார்த்தவ. கையைக் காட்டி, அவர் அவர் எண்டு சொல்லித் தப்பினன்.

நேற்றுப் பின்னேரம் பெரிய டொக்டர் வந்தவர். தங்கமான மனிசன். சந்தியோகின்ரை நெஞ்சிலை குழாயை வைச்சு முன்னாலை கேட்டார், பின்னாலை கேட்டார். முகத்திலை ஒரு யோசினை. திரும்பவும் வைச்சுக் கேட்டார். பேந்து அந்தப் படத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தார். படத்தை நம்புறதோ காதை நம்புறதோ எண்டு மனிசன் தவிக்கிறது எனக்கு விளங்குது. கடைசியிலை படத்தை நம்பினார். படம் தானே நம்பரோடை வருது. அந்த நேரம் வாயைத் துறக்க நான் எழும்பினன் நானா. என்ன சொல்லுறது? எனக்கு வாற சிங்களம் நாலு வசனம். அடையாள அட்டை இருக்கு, ஆயுதம் இல்லை, மீன் பிடிக்கப் போறன், சேர். இந்த நாலையும் வைச்சுக்கொண்டு இதை எப்பிடிச் சொல்லுறது?

அதுதான் உங்களைக் கண்டவுடனை மறிச்சு இருத்தினனான்.

மிசின் பொய் சொல்லேல்லை நானா. படம் சரி, நம்பர் சரி, தழும்பு சரி. ரெண்டாந்தரம் அந்தக் குழாய்க்குள்ளை படுத்தது நான்.

ஓம். நான் தான். சந்தியோகு இனி அந்தப் பக்கம் வரமாட்டன், எனக்கு மூச்சு விடத் தெரியாது எண்டு நிண்டிட்டார். நான் யோசிச்சன். அடையாள அட்டையிலை கிடக்கிற படத்திலை நாங்கள் எல்லாரும் ஒரே கருவாடு தானே. ரெண்டு பேருக்கும் மீசை, ரெண்டு பேரும் கறுவல். என்ரை வாழ்க்கையிலை எனக்கெண்டு நான் ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சதில்லை. என்ரை நெஞ்சைக் காட்டி அவருக்கொரு நல்ல கடுதாசி எடுத்துக் குடுப்பம் எண்டு அவற்றை அட்டையோடை வந்து படுத்தன். பதினைஞ்சு செக்கன் அடக்கெண்டால் அடக்கினன், விடெண்டால் விட்டன். அந்தப் பெடியன் கையைத் தட்டிப் பாராட்டினவன்.

குளிசை நான் தான் விழுங்கிறன். அவர் கிளினிக்கிலை தன்ரை பேருக்கு எடுத்து, வள்ளத்துக்குக் கீழை வைச்சு எனக்குத் தருவார். குளிசை எனக்கு, உப்பில்லாக் கறி அவருக்கு. அவர் உப்புப் போட்டுத் திண்டால் மதலேனாவுக்குப் பிடிபட்டிடும். பிடிபட்டால் அவள் அழுதுகொண்டு ஊர் முழுக்கச் சொல்லுவாள். அடுத்தவன்ரை அட்டையைக் காட்டினவன் எண்டு ஒருக்கா வெளியிலை போனால், எங்கடை பக்கத்திலை அது விளையாட்டுக் கதை இல்லை நானா. உங்களுக்குத் தெரியும். பேர் மாறினதுக்காகப் பிடிபட்டுப் போனவை எத்தினை பேர், திரும்பி வராமல்.

முந்தநாள் பஸ்ஸிலை தான் தன்ரை முடிவைச் சொன்னார். பற்றரியைத் தன்ரை நெஞ்சிலை வைக்கட்டாம். ஒரு நெருப்புப் பெட்டி தானே, கல்லுக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போறவனுக்கு இது ஒரு பாரமோ எண்டார். நீ மாட்டுப்படக் கூடாது, உனக்குக் குளிசை காணும், எனக்குப் பற்றரி கிடக்கட்டும் எண்டார். விசரன். நல்ல நெஞ்சைக் கீறி, நிக்காத நெஞ்சை உதைக்க ஒரு பெட்டியை வைச்சுக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் கரையிலை குந்தப் போறானாம், எனக்காக. யன்னலாலை பார்த்துக்கொண்டு அழுதன். அவருக்குக் காட்டேல்லை.

உங்கடை யோசினை விளங்குது. அப்ப நீ சந்தியோகெண்டு ஏறிப் படு, காதும் காதும் வைச்ச மாதிரி முடிஞ்சிடும் எண்டு தானே? அதையும் யோசிச்சன். ரா எட்டு மணி தொட்டு வாயிலை பச்சைத் தண்ணியும் வைக்கேல்லை, ஏறிப் படுக்கத் தான். ஆனால் விடிய வேறையொரு யோசினை வந்தது. நான் அதிலை செத்துப்போனால்? இந்த வயசிலை, இந்த நெஞ்சோடை, போகலாம் தானே. கடுதாசியிலை ஆர் சாகிறது? சந்தியோகு. மரண அத்தாட்சி அவருக்கு. அவர் பக்கத்திலை நிண்டு தன்ரை பிரேதத்தைத் தானே கையெழுத்துப் போட்டு எடுக்கவேணும். அவற்றை பாஸ், அட்டை, குடும்பக் காட் எல்லாம் வெட்டுப்பட்டுப் போம். மதலேனா கந்தோர்களிலை விதவை, எங்கடை பக்கத்து அறுநூறு விதவையளின்ரை பட்டியலிலை ஒருத்தி. வீட்டிலை புருசன் உப்புக் கேட்டுக் கத்துறான். நான் மண்ணுக்கை கிடப்பன், ஆனால் வாக்காளர் இடாப்பிலை உயிரோடை, அடுத்த எலெக்சனுக்கு ஆரோ என்ரை வோட்டைப் போடுவினம். அவள் வெள்ளைச் சீலை உடுக்கக் கூடாதெண்டு இருபத்தாறு வருசம் கயிறு பிடிச்ச நான், என்ரை கையாலை அவளைக் கடுதாசியிலை தாலி அறுக்க வைக்கிறதோ? சாகிறதெண்டால் சாவம் நானா. என்ரை பேரிலை சாகவேணும்.

பயமோ? பயம் தான். பொலிசுக்குப் பயம், கத்திக்குப் பயம். ரெண்டிலை எது கூட எண்டு கேளாதேங்கோ.

அந்தா, பைப்பைப் பூட்டிட்டார். துடைச்சுக்கொண்டு வரமுதல் எழும்புங்கோ. அவர் வந்தால் என்னைக் கதைக்க விடார், தான் தான் வருத்தக்காரன் எண்டு நெஞ்சை விரிச்சுக்கொண்டு படுத்திடுவார், நீங்களும் சிரைச்சிடுவீங்கள். நீங்கள் நேரை பெரிய டொக்டரிட்டைப் போங்கோ. அவற்றை பாஷையிலை சொல்லுங்கோ, உங்கடை காது சரி டொக்டர், பதினாலாங் கட்டில்காரனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வருத்தக்காரன் பக்கத்துக் கதிரையிலை இருந்து கதைச்சுக்கொண்டு இருக்கிறான் எண்டு. பேர் மனுவல். அரிப்பு. அதை முதல் எழுதச் சொல்லுங்கோ நானா. வெட்டுறதைப் பேந்து வெட்டலாம்.